இருமல் சிரப்பை வாங்கும் முன்பும் குடிக்கும் முன்பும்: முதல்முறை வாங்குபவருக்கு

மருந்துக் கடையில் "நெஞ்சுச் சளிக்கு ஒரு டானிக் கொடுங்கள்" என்று கேட்டால், கைக்கு வருவது பெரும்பாலும் ஒரே மருந்தாக இருப்பதில்லை. மூன்று, நான்கு மருந்துகளை ஓர் இனிப்புக் கரைசலில் கலந்த புட்டிதான் வருகிறது. சளியை இளக்க ஒன்று, மூச்சுக்குழாயைத் தளர்த்த ஒன்று, மூக்கொழுகலை நிறுத்த ஒன்று, இருமல் உணர்வையே அடக்க ஒன்று என்று அவை ஒவ்வொன்றும் வெவ்வேறு வேலையைச் செய்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி அளவும் தனிப் பக்க விளைவும் உண்டு. ஆகவே புட்டியின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரைக் காட்டிலும் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் உட்பொருள் பட்டியலே நமக்கு முக்கியம். சாதாரணச் சளி இருமல் கண்ட பெரியவர் ஒருவர் இத்தகைய கூட்டு மருந்தை முதல்முறையாக வாங்கும்போது எதை முதலில் பார்க்க வேண்டும், எதை அடுத்துப் பார்க்க வேண்டும் என்பதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். குழந்தைகளுக்கான விதி அடியோடு வேறு என்பதால் அது பின்னால் தனியாக வருகிறது.

முதல் படி: எந்த இருமல் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இருமும்போது நெஞ்சில் கரகரவென்று சத்தம் கேட்டு, கோழை வெளியே வருகிறது அல்லது வரப் பார்த்து நிற்கிறது என்றால் அது சளி இருமல். தொண்டையில் அரிப்பு மட்டும் இருந்து, இருமி இருமி விலா வலித்தும் எதுவும் வெளியே வராவிட்டால் அது வறட்டு இருமல். முதலாவதில் நுரையீரல் தன் குப்பையைத் தானே வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அதற்கு உதவி செய்ய வேண்டும். இரண்டாவதில் இருமலால் பயன் ஒன்றும் இல்லை. தூக்கம் கெடுகிறது என்றால் அதை அடக்கலாம். கடைக்காரரிடம் "இருமலுக்கு" என்று மட்டும் சொல்லாமல், சளி வருகிறதா இல்லையா, எத்தனை நாளாக, காய்ச்சல் உண்டா என்ற மூன்றையும் சேர்த்துச் சொன்னால் தவறான புட்டி கைக்கு வரும் வாய்ப்பு பெருமளவு குறையும்.

கோழை மஞ்சளாகவோ பச்சையாகவோ இருக்கிறது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் மாத்திரை கேட்டு வாங்க வேண்டியதில்லை. வைரஸால் வரும் சாதாரணச் சளியிலும் நிறம் மாறும். ஆனால் கோழையில் இரத்தம் தெரிந்தால், மூச்சு வாங்கினால், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தினால், உதடோ நகமோ நீலம் பாய்ந்தால் மருந்துக் கடைக்குப் போகக் கூடாது. நேராக மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

இன்னும் சில இருமல்களுக்கு இந்தப் புட்டிகளால் பயனே இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்கள் வழியாக அது இலவசமாகவே கிடைக்கிறது. பி.பி.க்காக எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற மாத்திரைகள் எடுப்பவர்களில் சிலருக்கு அந்த மாத்திரையே விடாத வறட்டு இருமலைத் தரும். அவர்கள் எத்தனை புட்டி குடித்தாலும் இருமல் நிற்காது. மருத்துவரிடம் சொன்னால் வேறு வகை மாத்திரைக்கு மாற்றித் தருவார். (தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.) வீசிங், புகைப்பழக்கத்தால் ஆண்டுக்கணக்காக வரும் இருமல், சாப்பிட்டுப் படுத்தவுடன் நெஞ்செரிச்சலோடு வரும் இருமல் ஆகியவையும் இதே கணக்குதான்.

இரண்டாம் படி: லேபிளின் பின்பக்கத்தைப் படியுங்கள்

அவசரமாக வாங்குபவர்கள் தாண்டிப் போய்விடும் இடம் இதுதான். புட்டியைத் திருப்பினால் "ஒவ்வொரு 5 மி.லி.யிலும்" என்று பொருள்படும் ஆங்கில வரி ஒன்றும், அதன் கீழே உட்பொருள்களின் பெயர்களும், எதிரே மில்லிகிராம் அளவுகளும் இருக்கும். எழுத்து மிகப் பொடியாக இருந்தால் செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆங்கிலம் வாசிக்கச் சிரமமாக இருந்தால் மருந்தாளுநரிடம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அப்படிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அந்தப் பட்டியலில் வரக்கூடிய பெயர்கள் ஒரு சில குடும்பங்களுக்குள் அடங்கிவிடும்.

சளியை இளக்கும் குடும்பத்தில் குவைஃபெனிசின், ஆம்ப்ராக்சால், ப்ரோம்ஹெக்சின் ஆகியவை வருகின்றன. நம் ஊர் வேலியோரத்து ஆடாதோடைக்கும் இவற்றில் இரண்டுக்கும் உறவு உண்டு: ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற பொருளை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கப்பட்டது ப்ரோம்ஹெக்சின், அது உடலுக்குள் போய் மாறும் வடிவம்தான் ஆம்ப்ராக்சால். ஆகவே இவ்விரண்டும் தனித்தனியே இருக்கும் இரு மருந்துகளைச் சேர்த்துக் குடிப்பதால் கூடுதல் பயன் எதுவும் கிடைக்காது. ஆம்ப்ராக்சால், ப்ரோம்ஹெக்சின் இரண்டிலும் அரிதாகக் கடுமையான தோல் ஒவ்வாமை வரலாம். உடலில் தடிப்போ, வாயில் புண்ணோ, தோல் உரிதலோ தெரிந்தால் அந்த வேளையோடு மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மூச்சுக்குழாயைத் தளர்த்தும் குடும்பம் டெர்பூட்டலின், சால்பூட்டமால், லெவோசால்பூட்டமால். இன்ஹேலரிலும் நெபுலைசரிலும் வீசிங்குக்காகக் கொடுக்கப்படும் மருந்துகள் இவைதாம். வீசிங் இல்லாத ஒருவருக்கு இவற்றால் பெரிய பயன் இல்லை. ஆனால் கை நடுக்கமும் படபடப்பும் வீசிங் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வருவதில்லை.

இருமல் உணர்வை அடக்குவது டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன். மூளையில் இருமலைத் தூண்டும் இடத்தில் இது வேலை செய்கிறது. பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 120 மி.கி.யைத் தாண்டக் கூடாது. கோடீனும் இதே வேலையைச் செய்யும் மருந்துதான். அது அபின் குடும்பத்தைச் சேர்ந்தது, பழக்கமாகிவிடக் கூடியது, மருத்துவர் சீட்டு இல்லாமல் தொடவே கூடாதது.

மூக்கொழுகலை நிறுத்துபவை குளோர்ஃபெனிரமின், டைஃபென்ஹைட்ரமின் போன்ற ஒவ்வாமை மருந்துகள். தூக்கக் கலக்கம் இவற்றோடு சேர்ந்தே வரும். மூக்கடைப்புக்கென்று சேர்க்கப்படுவது ஃபினைலெஃப்ரின். வாய்வழி எடுக்கும் ஃபினைலெஃப்ரின் மூக்கடைப்பைத் திறப்பதில் பலனளிக்கவில்லை என்று அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகத்துக்கு ஆலோசனை கூறும் நிபுணர் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாக முடிவு சொன்னது. அதன்பின் 2024 நவம்பரில், சீட்டில்லாமல் விற்கும் வாய்வழி மருந்துகளிலிருந்து அதை நீக்கலாம் என்று அந்த நிர்வாகம் முன்மொழிந்தது. நம் கடைகளிலோ அது இன்னும் புட்டிக்குப் புட்டி இருக்கிறது. பி.பி. உள்ளவர்கள், பயன் சந்தேகத்துக்குரிய ஒரு பொருளுக்காக இரத்த அழுத்தத்தை ஏற்றிக்கொள்ள வேண்டுமா என்று யோசிப்பது நல்லது.

இவ்வளவும் தெரிந்தபின், ஒரே பெயரில் வரும் புட்டிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். அஸ்கோரில் (Ascoril) எல்.எஸ். என்ற சிரப்பில் இருப்பவை ஆம்ப்ராக்சால், லெவோசால்பூட்டமால், குவைஃபெனிசின். அது சளி இருமலுக்கு. அதே பெயரில் டி பிளஸ் என்று வருவதில் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனும் ஃபினைலெஃப்ரினும் குளோர்ஃபெனிரமினும் இருக்கின்றன. அது வறட்டு இருமலுக்கு. பெயரின் வாலில் ஓரிரு எழுத்துகள் மாறினால் மருந்தே தலைகீழாக மாறிவிடுகிறது. போன முறை பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு போய்க் கேட்பவர், நெஞ்சில் சளி கட்டிக்கொண்டிருக்கும்போது இருமலை அடக்கும் புட்டியோடு வீடு திரும்பக்கூடும். இது பல நிறுவனங்களின் புட்டிகளிலும் காணப்படும் வழக்கம். பழைய புட்டியின் பின்பக்கத்தையும் புதியதன் பின்பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இதற்குத் தீர்வு.

ஒரு கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுவோம். மேலே சொன்ன சளி மருந்தைப் போன்ற ஒரு சிரப்பில் 5 மி.லி.க்கு 50 மி.கி. குவைஃபெனிசினும் 1 மி.கி. லெவோசால்பூட்டமாலும் இருக்கின்றன என்று கொள்வோம். 10 மி.லி. வீதம் மூன்று வேளை குடித்தால் ஒரு நாளைக்குக் கிடைக்கும் குவைஃபெனிசின் 300 மி.கி.தான். தனி மருந்தாக விற்கும்போது அமெரிக்க லேபிள்கள் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 200 முதல் 400 மி.கி.; ஒரு நாளின் உச்சவரம்பு 2,400 மி.கி. "அப்படியானால் நம் சிரப்பில் குறைவாகத்தானே இருக்கிறது, இன்னும் இரண்டு மூடி குடித்தால் என்ன?" என்று தோன்றலாம். அங்கேதான் கூட்டு மருந்தின் சிக்கல் இருக்கிறது. குவைஃபெனிசினை இரட்டிப்பாக்கினால் லெவோசால்பூட்டமாலும் 6 மி.கி.யிலிருந்து 12 மி.கி.க்குப் போய்விடும், சளி இளகுவதற்கு முன்பே நெஞ்சு படபடக்கத் தொடங்கிவிடும். ஒன்றை மட்டும் கூட்டவோ குறைக்கவோ கூட்டு மருந்தில் வழியில்லை. ஆகவே லேபிளோ மருத்துவரோ சொன்ன அளவை எந்தக் காரணத்துக்காகவும் தாண்டக் கூடாது.

என்னைக் கேட்டால், சளி மட்டும் இருப்பவருக்கு உட்பொருள் குறைந்த புட்டியே நல்ல புட்டி. நான்கு தொல்லைக்கு நான்கு மருந்து தேவைப்படலாம். ஒரு தொல்லைக்கு நான்கு மருந்து எதற்கு?

மூன்றாம் படி: உங்கள் உடம்போடும் மாத்திரைகளோடும் ஒத்துப்பாருங்கள்

கடைக்குப் போகும்போது தினசரி எடுக்கும் மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்துப் போங்கள். பெயர்களைச் சொல்லி விளக்குவதைவிட அட்டையை நீட்டுவது எளிது, பிழையும் வராது.

அதிகம் நடக்கும் தவறு பாராசிட்டமாலை இரண்டு வழியில் எடுப்பது. சளிக்கென்று விற்கும் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் 500 மி.கி. பாராசிட்டமால் உள்ளே இருக்கிறது; சில சிரப்புகளிலும் இருக்கிறது. காய்ச்சலுக்கு 650 மி.கி. மாத்திரையை நான்கு வேளையும், சளிக்குக் கூட்டு மாத்திரையை நான்கு வேளையும் எடுப்பவருக்கு ஒரு நாளில் 2,600 மி.கி.யும் 2,000 மி.கி.யும் சேர்ந்து 4,600 மி.கி. ஆகிறது. பெரியவர்களுக்கு 4,000 மி.கி.யே உச்சவரம்பு, உடல் எடை குறைந்தவர்களுக்கும், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும், தினமும் மது அருந்துபவர்களுக்கும் அதைவிடக் குறைவு. கல்லீரல் பாதிப்பு முதல் நாளிலேயே வலியாகத் தெரிவதில்லை என்பதால்தான் இந்தத் தவறு வெளியே தெரியாமல் தொடர்கிறது. குளோர்ஃபெனிரமினும் இப்படியே மாத்திரையில் ஒருமுறையும் சிரப்பில் ஒருமுறையும் உள்ளே போகிறது. இரவில் அலர்ஜிக்கு எடுக்கும் லெவோசெட்ரிசினும் அதனோடு சேர்ந்தால் மறுநாள் காலையிலும் தலை தூக்க முடியாது.

பி.பி., இதய நோய், தைராய்டு மிகைச் சுரப்பு உள்ளவர்கள் ஃபினைலெஃப்ரினையும், டெர்பூட்டலின் வகையையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இரண்டு வகையில் சிக்கல்: சிரப்பின் இனிப்பு ஒன்று, டெர்பூட்டலின் வகை மருந்துகளே இரத்தச் சர்க்கரையை ஏற்றக் கூடும் என்பது மற்றொன்று. "சர்க்கரை இல்லாதது" என்று அச்சிட்ட புட்டி முதல் சிக்கலை மட்டுமே தீர்க்கும். இன்ஹேலர் பயன்படுத்துபவர்கள் அதே குடும்பத்து மருந்தைச் சிரப்பிலும் குடிக்கிறோமா என்று பார்க்க வேண்டும். ப்ரோப்ரனலால் மாத்திரை எடுப்பவர்களுக்கு, அந்த மாத்திரையும் டெர்பூட்டலின் வகையும் ஒன்றின் வேலையை ஒன்று கெடுக்கும். கண்ணழுத்த நோய் உள்ளவர்களும், பிராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் தடைபடும் ஆண்களும் குளோர்ஃபெனிரமின் வகையைத் தவிர்க்க வேண்டும். வயதானவர் ஒருவர் சளி மருந்து குடித்த மறுநாள் சிறுநீர் கழிக்க முடியாமல் தவித்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்தப் புட்டியைத்தான்.

டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் பற்றித் தனியே ஓர் எச்சரிக்கை. மன அழுத்தத்துக்காக எஸ்சிடாலோபிராம், ஃப்ளுவாக்ஸிடின், பராக்ஸிடின் போன்ற மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும், வலிக்காக ட்ரமடால் எடுப்பவர்களுக்கும் இது சேர்ந்தால், செரட்டோனின் என்ற பொருள் உடலில் அளவு மீறி, வியர்வை, நடுக்கம், உடல் விறைப்பு, குழப்பம், அதிகக் காய்ச்சல் ஆகியவை வரலாம். எம்.ஏ.ஓ. தடுப்பு மருந்துகளை (மன அழுத்தத்துக்கும் பார்க்கின்சன் நோய்க்கும் கொடுக்கப்படும் ஒரு வகை) எடுப்பவர்களும், அவற்றை நிறுத்தி இன்னும் 14 நாள் ஆகாதவர்களும் இதைக் குடிக்கவே கூடாது. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குக் கொடுக்கப்படும் லினசோலிட் மாத்திரைக்கும் அந்தத் தன்மை ஓரளவு உண்டு. அந்தச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு இருமல் இருப்பது இயல்பு என்பதால், வீட்டில் யாரேனும் அன்போடு ஒரு புட்டியை வாங்கிவந்து கொடுத்துவிடும் ஆபத்தும் அதிகம்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் எந்தக் கூட்டு மருந்தையும் மருத்துவர் சொல்லாமல் எடுக்க வேண்டாம். ஆடாதோடைக் கஷாயம் இயற்கையானது என்பதால் கர்ப்பிணிக்குக் கொடுக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது கருப்பையைச் சுருங்கத் தூண்டக் கூடியது, ஆகவே அதுவும் வேண்டாம்.

நான்காம் படி: வாங்கும்போது

லேபிளின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது மருத்துவர் சீட்டின் பேரில் விற்க வேண்டிய மருந்து. நாம் கேட்டவுடன் கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிடுகிறார் என்பதால் அந்தக் கோட்டின் பொருள் மாறிவிடாது. மூடியின் முத்திரை உடையாமல் இருக்கிறதா, தயாரித்த தேதியும் காலாவதி தேதியும் பேட்ச் எண்ணும் உரிம எண்ணும் அழியாமல் தெரிகின்றனவா என்று பார்த்து, பேட்ச் எண் குறித்த பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

பில் ஏன் என்பதற்கு 2025 அக்டோபரே காரணம் சொல்லும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் என்ற சிரப்பைக் குடித்த குழந்தைகள் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் சிறுநீரகம் செயலிழந்து அடுத்தடுத்து இறந்தார்கள். அதன் எஸ்.ஆர்.-13 என்ற பேட்சைத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது, 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப் பொருள் இருந்தது தெரியவந்தது. தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் இந்தத் திரவம் மருந்தில் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அது இனிப்பாக இருக்கும் என்பதால் நாக்காலோ மூக்காலோ வாங்குபவர் கண்டுபிடிக்க வழியில்லை. உலகத்துக்கு இது புதிதும் அல்ல. 1937இல் அமெரிக்காவில் இதே நச்சு கலந்த மருந்தால் நூறுக்கு மேற்பட்டோர் இறந்த பிறகுதான் அந்நாட்டின் 1938ஆம் ஆண்டு மருந்துச் சட்டம் வந்தது. வாங்குபவர் செய்யக் கூடியது இவ்வளவுதான்: உரிமம் பெற்ற கடையில் பில்லோடு வாங்குவது, ஒரு பேட்ச் திரும்பப் பெறப்படும் செய்தி வந்தால் தன் புட்டியின் எண்ணை ஒத்துப்பார்ப்பது, சிரப் குடித்தபின் வாந்தியோ வயிற்று வலியோ வந்து சிறுநீர் குறைந்தால் தாமதிக்காமல் புட்டியோடு மருத்துவமனைக்குப் போவது.

ஐந்தாம் படி: அளந்து குடியுங்கள்

வீட்டு ஸ்பூனை நம்பாதீர்கள். 3 மி.லி. பிடிக்காத ஸ்பூனும் உண்டு, 7 மி.லி. பிடிக்கும் ஸ்பூனும் உண்டு. புட்டியோடு வரும் அளவு மூடியில் 2.5, 5, 10 என்று கோடுகள் இருக்கும். பல மூடிகளில் அவை நிறமில்லாமல் புடைத்து மட்டும் இருப்பதால் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். வேண்டிய கோட்டின் மேல் விரல் நகத்தை வைத்துக்கொண்டு, மூடியைச் சமதளத்தில் வைத்து, கண்ணைக் கோட்டின் உயரத்துக்குக் கொண்டுவந்து ஊற்றுங்கள். கையில் தூக்கிப் பிடித்து மேலிருந்து பார்த்து ஊற்றினால் அளவு தப்பும். ஊற்றுவதற்கு முன் புட்டியை நன்றாகக் குலுக்க வேண்டும். குடித்தபின் மூடியைக் கழுவித் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் ஒட்டிய பாகு அடுத்த வேளை அளவைக் கெடுப்பதோடு எறும்பையும் அழைக்கும். புட்டியை வாயில் வைத்து ஒரு மடக்குக் குடிக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளை நேரம் வரும்போது வழக்கமான அளவையே குடியுங்கள். இரண்டையும் சேர்த்துக் குடிக்கக் கூடாது. சளியை இளக்கும் மருந்தோடு வெதுவெதுப்பான நீரையும் அவ்வப்போது குடித்துவாருங்கள். இதய, சிறுநீரக நோயால் தண்ணீர் அளவு குறிக்கப்பட்டவர்கள் மட்டும் அந்த அளவுக்குள் நிற்க வேண்டும். குளோர்ஃபெனிரமின் வகையோ டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனோ இருந்தால் முதல் வேளையை வீட்டில் இருக்கும் இரவில் எடுத்துப் பாருங்கள்; கலக்கம் தெரிந்தால் இருசக்கர வண்டியை எடுக்காதீர்கள். மது அறவே கூடாது.

அமெரிக்காவிலிருந்து வரும் உறவினர் பெட்டியில் மியூசினெக்ஸ் டி.எம். போன்ற நீள்செயல் மாத்திரைகள் இருப்பதுண்டு. ஒரு மாத்திரையில் 600 மி.கி. குவைஃபெனிசினும் 30 மி.கி. டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனும் இருந்தால், பெரியவர்களுக்கு 12 மணி நேரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு. 24 மணி நேரத்தில் நான்கைத் தாண்டக் கூடாது. அதை உடைக்கவோ பொடிக்கவோ மெல்லவோ கூடாது. உடைத்தால் 12 மணி நேரத்துக்கான மருந்து ஒரேயடியாக வெளியாகிவிடும். அதோடு உள்ளூர்ச் சிரப்பையும் சேர்த்துக் குடிக்க வேண்டாம்.

ஆறாம் படி: எப்போது நிறுத்துவது

இந்த மருந்துகள் சளியைக் குணப்படுத்துவதில்லை. உடல் தானே குணமாகும் வரை தொல்லையைக் கொஞ்சம் குறைக்கின்றன, அதுவும் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. சாதாரணச் சளியில் காய்ச்சலும் மூக்கொழுகலும் ஒரு வாரத்தில் ஓய்ந்தாலும் இருமல் மூன்று வாரம் வரை இழுக்கலாம் (இரண்டு வாரத்தைத் தாண்டினால் முதல் படியில் சொன்ன காசநோய்ப் பரிசோதனை தேவை). அத்தனை நாளும் புட்டி தேவை என்று பொருளில்லை. தூக்கம் வர ஆரம்பித்து, சளி எளிதாக வெளியேறத் தொடங்கினாலே நிறுத்திவிடலாம். ஏழு நாளில் குறையாவிட்டால், நின்ற காய்ச்சல் திரும்ப வந்தால், தோலில் தடிப்போ விடாத தலைவலியோ சேர்ந்தால் இரண்டாவது புட்டி வாங்காமல் மருத்துவரிடம் போங்கள். எடை குறைந்தாலும், மாலையில் காய்ச்சலும் இரவில் வியர்வையும் வந்தாலும் ஏழு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

குழந்தைகளுக்கு

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவோ கொடுக்கவோ கூடாது என்றும், ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாகவே அவை பரிந்துரைக்கப்படுவதில்லை என்றும் மத்திய அரசின் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்ககம் 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த மருந்தை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று லேபிளிலேயே அச்சிட வேண்டும் என்பது இந்திய விதி. கோடீன் 12 வயதுக்குக் கீழே கூடவே கூடாது. பெரியவர் புட்டியிலிருந்து "பாதி மூடி" கொடுப்பது, அண்ணனுக்கு எழுதிய மருந்தைத் தம்பிக்குக் கொடுப்பது இரண்டையும் பாட்டி சொன்னாலும் மறுத்துவிடுங்கள். ஒரு வயது நிரம்பிய குழந்தைக்குப் படுக்கும் முன் சிறிது தேன் கொடுக்கலாம். ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடாது. கொதிநீர்ப் பாத்திரத்தில் ஆவி பிடிக்க வைப்பதால் சுட்டுக்கொள்ளும் குழந்தைகள் அதிகம் என்பதால் அதையும் தவிர்க்கலாம். குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள்: இரண்டு மாதத்துக்குக் கீழே 60, ஒரு வயதுக்குக் கீழே 50, ஐந்து வயதுக்குக் கீழே 40 என்ற எண்ணிக்கையை எட்டினாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவமனை.

தவறாகக் குடித்துவிட்டால்

அளவு மீறிக் குடித்தது தெரிந்தால், குறிப்பாகக் குழந்தை புட்டியைக் காலி செய்திருந்தால், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். உப்புக் கரைசலும் மோரும் வேண்டாம். 108ஐ அழைத்து, புட்டியையும் அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எதை, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்ற மூன்றும் மருத்துவருக்கு உடனே தெரிய வேண்டும். சரியான அளவில் குடித்தும் எதிர்பாராத பக்க விளைவு வந்திருந்தால், சிகிச்சை பெற்றபின் 1800-180-3024 என்ற கட்டணமில்லாத எண்ணில் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குத் தெரிவிக்கலாம். பொதுமக்களும் தெரிவிக்க வசதி உண்டு.

புட்டியைத் திறந்த தேதியை லேபிளில் பேனாவால் எழுதி, வெயிலும் அடுப்புச் சூடும் படாத உயரமான அலமாரியில் வையுங்கள். வேறு பாட்டிலில் ஊற்றி வைப்பதோ, காரில் போட்டு வைப்பதோ கூடாது. மிச்சத்தை அடுத்த மழைக்காலத்துக்கென்று சேமிக்க வேண்டியதில்லை: டீத்தூள் சக்கையிலோ மண்ணிலோ கலந்து, ஒரு பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, காலிப் புட்டியின் லேபிளைக் கிழித்தோ பேனாவால் அடித்தோ எறிந்துவிடுங்கள்.